முன்னே 72 மணி, பின்னே 72 மணி: பேரிடருக்கு ஓர் ஊர் தயாராகும் முறை

ஒரே கடற்கரை, ஒரே மாதம், இடைவெளி பதினான்கு ஆண்டுகள். 1999 அக்டோபர் 29 அன்று, அப்போது ஒரிசா என அழைக்கப்பட்ட ஒடிசா மாநிலத்தின் பாராதீப் துறைமுகத்தை அடுத்த கரையில் பெரும்புயல் ஒன்று மோதியது. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர். ஐந்து மீட்டருக்கும் மேல் எழுந்த கடல்நீர் ஊர்களுக்குள் புகுந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஜகத்சிங்பூர் என்னும் ஒரே மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

2013 அக்டோபர் 12 அன்று அதே மாநிலத்தின் கோபால்பூர் அருகே பைலின் புயல் கரையைக் கடந்தது. அதன் காற்றும் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது. வீடுகளும் பயிர்களும் பெருமளவில் அழிந்தன. ஆயினும் உயிரிழப்பு ஐம்பதை எட்டவில்லை. புயல் வருமுன்பே சுமார் 10 லட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றுவிட்டிருந்தனர்.

1999-ஆம் ஆண்டிலும் இந்திய வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை விடுக்காமல் இல்லை. எச்சரிக்கை கடைசி வீட்டின் கதவை எட்டவில்லை. எட்டிய வீடுகளிலும் ‘எங்கே போவது?’ என்னும் கேள்விக்கு விடை இல்லை. இவ்விரு குறைகளையும் ஒரு மாநிலம் எவ்வாறு சரிசெய்தது என்பதையும், அதிலிருந்து நம் தெருவும் ஊரும் குடும்பமும் எதைக் கற்கலாம் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. உயிரைக் காப்பது முதல் பாடம். வாழ்வாதாரத்தைக் காப்பது இரண்டாம் பாடம். இரண்டாவதில் வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்குத் தனிப் பங்கு உண்டு.

கடல் வெப்பமும் புயலும்

புயலுக்கு உணவு வெதுவெதுப்பான கடல்நீர். கடலின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் புயல் உருவாகி வலுப்பெற இயலும். வங்காள விரிகுடா ஆண்டின் பெரும்பகுதி இந்த வரம்புக்கு மேலேயே இருக்கிறது. கடல் மேலும் சூடாகும்போது, உருவாகும் புயல்கள் குறுகிய நேரத்தில் கடும் வலிமை பெறும் வாய்ப்பு கூடுகிறது. காலையில் சாதாரணமாகத் தோன்றிய புயல் மறுநாள் காலையில் அதிதீவிரமாகிவிட்டால், மக்களை வெளியேற்றக் கிடைக்கும் அவகாசம் சுருங்கிவிடும்.

காற்றின் வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. ஆகவே ஒரே புயல் முன்னைவிட அதிக மழையைக் கொட்டுகிறது. கடல்மட்டம் உயர உயர, புயற்காற்று தள்ளும் கடல்நீரும் உள்நாட்டுக்குள் கூடுதல் தொலைவு ஏறுகிறது. வடக்கு வங்காள விரிகுடா ஆழம் குறைந்தது. எனவே இந்த நீரெழுச்சி அங்கே மேலும் உயரமாக எழும். புயலில் காற்றைவிட நீரே அதிக உயிர்களைக் கொள்கிறது என்பது 1999 கற்பித்த கசப்பான உண்மை.

ஒடிசா செய்தவை

பெரும்புயல் அடித்து இரு மாதங்களுக்குள், 1999 டிசம்பர் இறுதியில், பேரிடர் மேலாண்மைக்கெனத் தனி அமைப்பு ஒன்றை ஒடிசா அரசு நிறுவியது. நாடு முழுமைக்குமான பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இல்தான் வந்தது. அதன்பின் நிகழ்ந்த மாற்றங்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, போய்ச் சேர ஓர் இடம். பெரும்புயலின்போது கடற்கரை நெடுகிலும் விரல்விட்டு எண்ணத்தக்க புயல் பாதுகாப்பு மையங்களே இருந்தன. இன்று 800-க்கும் மேற்பட்டவை உள்ளன. நீர் கீழே ஓடிச் செல்லும்படி தூண்கள்மீது கட்டப்பட்டவை இவை. முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் ஏறச் சாய்தளம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, மின்னாக்கி, மரம் அறுக்கும் கருவி, கயிறு, மிதவை உடை, தூக்குப் படுக்கை ஆகியவை அங்கே வைக்கப்பட்டுள்ளன. பல மையங்கள் மற்ற நாட்களில் பள்ளிக்கூடங்களாகவும் சமூகக் கூடங்களாகவும் பயன்படுகின்றன. நாள்தோறும் மக்கள் வந்துபோகும் கட்டடம் பழுதின்றி இருக்கும். ஊராருக்கும் வழி பழகியிருக்கும்.

இரண்டாவது, செய்தி சென்று சேரும் வழி. பாலேஸ்வர், பத்ரக், கேந்திரபாரா, ஜகத்சிங்பூர், பூரி, கஞ்சாம் ஆகிய ஆறு கடலோர மாவட்டங்களில் 122 இடங்களில் கோபுரங்கள் அமைத்து, தலைநகரிலிருந்தே ஒலிக்கச் செய்யும் அபாயச் சங்குகள் பொருத்தப்பட்டன. 2019 மே 3 அன்று பூரி அருகே கரையேறிய ஃபானி புயலுக்கு முன் ஏறத்தாழ 2.6 கோடி குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. அதே வேளையில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் களத்தில் இறங்கினர். கைப்பேசி இல்லாத மூதாட்டிக்கும் காது கேளாத முதியவருக்கும் செய்தி சொன்னவர்கள் அவர்களே. அம்முறை சுமார் 12 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டனர்.

மூன்றாவது, ஊராரின் பொறுப்பு. ஒவ்வொரு மையத்தையும் பராமரிக்க ஊர்க்குழு உண்டு. தேடல் மற்றும் மீட்பு, முதலுதவி, மைய நிர்வாகம் எனக் குழுக்களாகப் பிரித்து இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி அளிக்கப்படுகிறது. புயல் பருவத்துக்கு முன் ஒத்திகை நடைபெறுகிறது. மின்னாக்கியை ஓட்டிப் பார்ப்பதும், கைக்குழாயில் நீர் வருகிறதா என்று அடித்துப் பார்ப்பதும், யார் வீட்டுப் பாட்டியை யார் தூக்கி வருவது என்று பெயர் சொல்லி ஒப்படைப்பதும் அந்த ஒத்திகையின் பகுதிகள்.

நான்காவது, இயற்கை அரண். கேந்திரபாரா மாவட்டத்தில் அலையாத்திக் காடுகளின் பின்னால் அமைந்த ஊர்களை சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் ஆகிய பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். கடலுக்கும் ஊருக்கும் இடையில் அகலமான அலையாத்திக் காடு இருந்த ஊர்களில் 1999 புயலின்போது உயிரிழப்பு குறைவாக இருந்ததை 2009-இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது. எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்ததும் உயிர்களைக் காத்தது என்பதையும் அதே ஆய்வு எடுத்துரைக்கிறது. காடும் வேண்டும், செய்தியும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பின்னும் புதிய பாடங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2018 அக்டோபரில் தித்லி புயல் வந்தபோது கவனமெல்லாம் கடற்கரைமீதே இருந்தது. புயல் கரையைக் கடந்தபின் கஜபதி மாவட்ட மலைப்பகுதியில் பெய்த கனமழையால் நிலச்சரிவு ஏற்பட்டு, ஒதுங்கியிருந்தவர்கள் உயிரிழந்தனர். கடலிலிருந்து தொலைவில் இருப்பதனாலேயே ஓர் ஊர் பாதுகாப்பானது ஆகிவிடாது.

எச்சரிக்கையைப் படிக்கக் கற்றல்

புயல் எச்சரிக்கையை வானிலை ஆய்வுத் துறை நான்கு படிகளில் வெளியிடுகிறது. கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு ஏறத்தாழ 72 மணி நேரம் முன்பு, ‘புயலுக்கு முந்தைய கண்காணிப்பு’ அறிவிக்கப்படும். 48 மணி நேரம் முன்பு ‘விழிப்பு’ நிலை வரும். 24 மணி நேரம் முன்பு ‘எச்சரிக்கை’ வரும். எங்கே, எப்போது கரையைக் கடக்கும் என்ற மதிப்பீடு அதில் இருக்கும். சுமார் 12 மணி நேரம் முன்பு வருவது, கரையைக் கடந்தபின் உள்மாவட்டங்களில் என்ன நேரும் என்பதைக் கூறும் அறிக்கை. தித்லி நினைவூட்டுவது இந்த நான்காம் அறிக்கையின் அருமையைத்தான்.

நிறங்களின் பொருளும் எளியதே. பச்சை என்றால் நடவடிக்கை தேவையில்லை. மஞ்சள் என்றால் செய்திகளைக் கவனித்து வர வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் செயலில் இறங்க வேண்டும்.

வரைபடத்தில் புயலின் பாதையைச் சுற்றி விரிந்து செல்லும் கூம்பு வடிவத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். புயலின் மையம் எந்த எல்லைக்குள் செல்லக்கூடும் என்பதையே அந்தக் கூம்பு காட்டுகிறது. புயலின் பருமனைக் காட்டுவதில்லை. கூம்புக்கு வெளியே இருக்கும் ஊரிலும் பெருமழை கொட்டலாம். நம் நாட்டின் புயல்களில், அவை நகரும் திசைக்கு வலப்பக்கத்திலேயே காற்றும் கடல் எழுச்சியும் பொதுவாகக் கடுமையாக இருக்கும். மற்றோர் உண்மையையும் மறவாதிருத்தல் நலம்: புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென ஓயும். ஓய்ந்துவிட்டதென எண்ணி வெளியே வருபவரை, சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து வரும் காற்று தாக்கும்.

வீட்டை விட்டு வர மறுப்பது ஏன்?

வெளியேற்றும் பணியில் ஈடுபட்டோர் எல்லா ஊர்களிலும் சந்திக்கும் கேள்வி ஒன்றுண்டு: “நாங்கள் வந்துவிட்டால் இதையெல்லாம் யார் பார்ப்பது?” மாடு, படகு, வலை, அரிசி மூட்டை, பெட்டியில் இருக்கும் நகை, நிலப்பத்திரம் ஆகியவையே ‘இதெல்லாம்’. ஒரு குடும்பம் தலைமுறைகளாகச் சேர்த்தது அந்த ஒரு கூரையின்கீழ் இருக்கிறது. அதை விட்டு வா என்று சொல்லும்போது தயக்கம் எழுவது இயல்பு. அதை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இங்கேதான் முதல் பாடமும் இரண்டாம் பாடமும் ஒன்றையொன்று தொடுகின்றன. பத்திரத்தின் நகல் வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கிறது, நகை பெட்டகத்தில் இருக்கிறது, மாட்டுக்கும் வீட்டுக்கும் காப்பீடு இருக்கிறது என்ற நிலையில் உள்ளவர் முதல் அழைப்பிலேயே எழுந்து வருவார். இவற்றில் எதுவும் இல்லாதவர் கடைசி நொடி வரை காத்திருப்பார். ஆகவே பொருள்சார்ந்த முன்னேற்பாடு உயிர்காக்கும் ஏற்பாடும் ஆகும்.

ஃபானி புயல் இதை மறுபக்கத்திலிருந்து காட்டியது. பெரும்பாலோர் உயிர் தப்பினர். ஆனால் பூரி மாவட்டத்தில் வீடுகள் சிதைந்தன; தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் சாய்ந்தன; மின்சாரம் முழுமையாகத் திரும்பப் பல வாரங்கள் ஆயின. தொலைபேசிக் கோபுரங்கள் செயலிழந்தால் ஏ.டி.எம். இயங்காது, கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றமும் நடவாது. உயிரோடு மையத்திலிருந்து திரும்பிய குடும்பம் அதன்பின் எதைக் கொண்டு வாழத் தொடங்கும் என்பதே அடுத்த கேள்வி.

குடும்பம் செய்ய வேண்டியவை

ஆவணங்கள்: ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம், நிலப்பத்திரம், காப்பீட்டுப் பத்திரம், கல்விச் சான்றிதழ்கள், மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றை நீர்புகாத உறை ஒன்றில் இட்டு, எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வைக்கவும். அரசுத் துறைகள் டிஜிலாக்கரில் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் மூல ஆவணத்துக்கு இணையாக ஏற்கப்படுபவை; அவற்றை இன்றே சேர்த்துக்கொள்ளலாம். மற்றவற்றைப் படமெடுத்து வெளியூரில் உள்ள நம்பகமான உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைக்கவும். இரகசிய எண்களையும் கடவுச்சொற்களையும் மட்டும் எவருக்கும் அனுப்பக் கூடாது.

பெட்டகம்: வீட்டு அலமாரியைவிட வங்கிப் பெட்டகம் பாதுகாப்பானது. ஆயினும் வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் பெட்டகத்தில் உள்ள பொருளுக்கு நேரும் இழப்புக்கு வங்கி பொறுப்பேற்பதில்லை என்பது விதி. எனவே உள்ளே வைக்கும் தாள்களையும் நீர்புகாத உறையில் இடுவது நன்று. நகைகளுக்குத் தனிக் காப்பீடு பெறுவதைப் பற்றியும் சிந்திக்கலாம்.

நியமனதாரர்: பேரிடரில் குடும்பத் தலைவர் மறைந்தால், நாமினி எனப்படும் நியமனதாரர் பதிவாகாத கணக்கிலிருந்து பணம் பெறக் குடும்பம் பல சான்றுகளைத் தேடி அலைய நேரும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பழைய கணக்குகளில் யார் பெயர் உள்ளது, அவர் இன்றும் உயிருடன் இருக்கிறாரா, முகவரி சரிதானா என்பதைச் சரிபார்க்கவும்.

குறைந்த கட்டணக் காப்பீடு: பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தினால், 18 முதல் 70 வயது வரையிலான கணக்குதாரர் விபத்தில் மரணமடைந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இயற்கைப் பேரிடரால் நேரும் மரணமும் இதில் அடங்கும். ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு, எக்காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் 2 லட்சம் ரூபாய். 18 முதல் 50 வயதுக்குள் இதில் சேரலாம். இவ்விரண்டின் காப்பீட்டு ஆண்டும் ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. மே மாத இறுதியில் கணக்கில் போதிய இருப்பு இல்லையெனில் காப்பீடு நின்றுவிடும். இருபது ரூபாய் குறைந்ததால் இரண்டு லட்சத்தை இழக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது.

வீடும் கடையும்: 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா என்னும் பொதுவான வீட்டுக் காப்பீடு, தீயுடன் புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. சிறு கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா உண்டு. வீட்டுக் கடன் பெற்றோர், தம் வீட்டுக்குக் காப்பீடு எடுக்கப்பட்டுள்ளதா, அது நடப்பில் உள்ளதா, எந்தத் தொகைக்கு என்பதைக் கேட்டறிதல் வேண்டும். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது என்பதையும் நினைவில் கொள்ளவும். நீரில் மூழ்கிய வண்டியை உடனே இயக்க முயன்றால் எஞ்சின் பழுதாகும். அந்தப் பழுதுக்குத் தனியாகச் சேர்த்த கூடுதல் பாதுகாப்பு இல்லையெனில் பணம் கிடைப்பது அரிது.

பயிர்: பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துகளுக்கும் விவசாயி செலுத்த வேண்டிய பங்கு, காரிஃப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காடு, ராபி பருவத்தில் 1.5 விழுக்காடு. வணிகப் பயிர்களுக்கும் தோட்டப் பயிர்களுக்கும் 5 விழுக்காடு. அறுவடை செய்து வயலிலேயே உலர வைத்த பயிருக்கும் புயல், பருவம் தவறிய மழை ஆகியவற்றிலிருந்து 14 நாட்கள் வரை பாதுகாப்பு உண்டு. உங்கள் மாவட்டத்தில் உங்கள் பயிருக்கு எந்த இடர்கள் சேர்க்கப்பட்டுள்ளன என்பதை அந்தப் பருவத்தின் அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளவும்.

கைப்பணம்: புயற்பருவத்தில், ஒரு வாரச் செலவுக்கான தொகையைச் சிறு நோட்டுகளாக வீட்டில் வைத்திருப்பது நல்லது. மின்சாரம் இல்லாத ஊரில் ஐந்நூறு ரூபாய் நோட்டுக்குச் சில்லறை தருவார் இரார்.

ஊர் கூடிச் செய்ய வேண்டியவை

தனிக் குடும்பத்தால் இயலாதவை சில உண்டு. ஊராட்சி மன்றம், குடியிருப்போர் நலச் சங்கம், சுய உதவிக் குழு, இளைஞர் மன்றம் ஆகியவற்றில் எதுவாயினும் இதைத் தொடங்கலாம். 2001-இல் தொடங்கப்பட்ட மிஷன் சக்தி இயக்கத்தால் ஒடிசாவின் ஊர்களில் பெண்கள் குழுக்கள் வேரூன்றின. மாதந்தோறும் கூடி, சேமித்து, கணக்கு எழுதிப் பழகிய ஒரு குழுவுக்கு யார் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், யார் தனியே வாழ்கிறார் என்பது பட்டியல் இல்லாமலே தெரியும்.

முதற்பணி வரைபடம். ஊரின் வரைபடத்தைப் பெரிய தாளில் வரைந்து, முன்பு நீர் தேங்கிய தெருக்கள், மேடான இடங்கள், உறுதியான கட்டடங்கள், வலுவற்ற வீடுகள், மின்மாற்றிகள் ஆகியவற்றைக் குறிக்கவும். முதியோரை அழைத்துக் கேட்டால் எந்த ஆண்டு நீர் எதுவரை வந்தது என்பதைச் சுவரில் தொட்டுக் காட்டுவர்.

அடுத்தது பட்டியல். நடக்க இயலாதோர், கைக்குழந்தை உள்ளோர், தொடர்ந்து மருந்து உட்கொள்வோர், தனித்து வாழ்வோர் ஆகியோரின் பெயர்களை எழுதி, ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளரையும் மாற்றுப் பொறுப்பாளரையும் குறிப்பிடவும். ‘இளைஞர்கள் உதவுவர்’ என்று எழுதினால் ஒருவரும் வாரார். பெயர் எழுதினால் வருவார்.

மூன்றாவது, கால்நடைக்கும் ஓர் இடம். மேட்டுநிலம் ஒன்றைத் தேர்ந்து, தீவனத்துக்கும் வழி செய்யவும். ஓட வழியின்றிக் கட்டுத்தறியில் நிற்கும் மாடே வெள்ளத்தில் முதலில் மடியும். கட்டை அவிழ்த்துவிடும் பொறுப்பும் ஒருவருக்கு இருக்க வேண்டும். காப்பீடு செய்த மாட்டின் காதடையாளம் விழுந்துவிடாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்கவும்.

நான்காவது, பொது நிதி. குழுவின் பெயரில் கூட்டுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, மாதம் ஒரு சிறு தொகையைச் சேர்த்து வரலாம். இருவர் கையொப்பமிட்டே எடுக்க வேண்டும் என்ற விதியும், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கை ஊர்க்கூட்டத்தில் வாசிக்கும் வழக்கமும் இருந்தால் நம்பிக்கை நிலைக்கும். கயிறு, கைவிளக்கு, தார்ப்பாய், குளோரின் மாத்திரை, மின்னாக்கிக்கான எரிபொருள் முதலியவற்றுக்கு அரசின் உதவி வந்து சேரும்வரை இந்நிதி கைகொடுக்கும்.

ஐந்தாவது, ஒத்திகை. ஆண்டுக்கு இருமுறையேனும் சங்கை ஊதி, பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் உண்மையிலேயே அழைத்து வந்து, எவ்வளவு நேரம் பிடித்தது என்று குறிக்கவும். ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி ஆகிய இரு மீனவ ஊர்களை 2020-இல் யுனெஸ்கோவின் கடலாய்வுக் குழு ஆழிப்பேரலைக்குத் தயாரான ஊர்களாக அங்கீகரித்தது. அதற்கு வேண்டப்பட்ட தகுதிகள் இடர் வரைபடம், வெளியேறும் வழியைக் காட்டும் பலகை, இரவும் பகலும் எச்சரிக்கை பெறும் வசதி, ஒத்திகை போன்றவையே. பெரும் பொருட்செலவு இன்றி எந்த ஊரும் தொடங்கக்கூடியவை இவை.

பின்னே 72 மணி

புயல் ஓய்ந்தபின் முதல் மூன்று நாட்களும் முந்தைய மூன்று நாட்களைப் போலவே அரியவை. பயிர்க் காப்பீடு செய்த விவசாயி, தனது வயலுக்கு நேர்ந்த சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். 14447 என்ற எண், பயிர்க் காப்பீட்டுச் செயலி, வங்கிக் கிளை, வேளாண்மை அலுவலகம் ஆகிய எவ்வழியிலும் தெரிவிக்கலாம். வயல் அழிந்த வருத்தத்தில் நாட்களைக் கடத்தியதனாலேயே உரிய தொகையை இழந்தோர் பலர். ஊர்க்குழுவில் படித்த இளைஞர் இருவர் இப்பணிக்கென்றே நியமிக்கப்பட்டால், ஊரில் உள்ள எல்லா விவசாயிகளின் தகவலும் உரிய காலத்தில் சென்றுவிடும்.

வீடு, கடை, வண்டி ஆகியவற்றின் சேதத்தைத் துப்புரவு செய்யுமுன் படமெடுக்கவும். நீர் எதுவரை வந்தது என்ற கோடு சுவரில் தெரியும்படி படம் இருத்தல் நன்று. பாழான பொருட்களைக் காப்பீட்டு மதிப்பீட்டாளர் பார்க்குமுன் எறிந்துவிட வேண்டாம். நோய் பரப்பக்கூடியவற்றை மட்டும் படமெடுத்தபின் அகற்றவும்.

கடன் பெற்றோர் வங்கியை விட்டு விலகி நிற்காமல் விரைந்து அணுக வேண்டும். இயற்கைப் பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் தவணைக் காலத்தை நீட்டித்தல், கடனை மறுசீரமைத்தல், புதிய கடன் வழங்குதல் ஆகியவற்றுக்கு ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. இதற்கென மாநில, மாவட்ட அளவில் வங்கியாளர் குழுக்கள் கூடி முடிவெடுக்கும். இது கடன் தள்ளுபடி ஆகாது. மூச்சுவிட அளிக்கப்படும் அவகாசம். கணக்கு வாராக்கடனாகுமுன் கேட்பவருக்கே இது முழுப்பயன் தரும்.

பேரிடரைத் தொடர்ந்து மோசடியும் வரும். நிவாரண நிதி என்று கூறி அனுப்பப்படும் இணைப்புகள், கியூ.ஆர். குறியீடுகள், ‘உங்கள் கணக்கில் உதவித்தொகை சேர்க்க ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்னும் அழைப்புகள் ஆகியவற்றை நம்ப வேண்டாம். பணம் பெறுவதற்கு ஓ.டி.பி.யோ இரகசிய எண்ணோ தேவையில்லை. ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவும். அவசர உதவிக்கு 112, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077 ஆகிய எண்களைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கவும். மின்னேற்றம் தீர்ந்த கைப்பேசியில் சேமித்த எண் உதவாது.

புயல் வராத ஊருக்கும் இது பொருந்தும்

ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் இடர் உண்டு. 2010 மே மாதம் அகமதாபாத் நகரில் கடும் வெப்ப அலை வீசியபோது, வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடுதலாக மாண்டனர். அதன்பின் 2013-இல் அந்நகர மாநகராட்சி, தெற்காசியாவிலேயே முதலாவதான வெப்பத் தடுப்புச் செயல்திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன் அடிப்படையும் இதுவே: முன்கூட்டிய எச்சரிக்கை, நிறங்களால் குறிக்கப்பட்ட படிநிலைகள், மருத்துவப் பணியாளருக்குப் பயிற்சி, தண்ணீர்ப் பந்தலும் நிழலும், குடிசைப் பகுதிகளிலும் கட்டுமானத் தளங்களிலும் நேரில் சென்று சொல்லுதல். புயலுக்கு மேட்டுநிலம் போல, வெப்பத்துக்கு நிழல். வரைபடமும் பட்டியலும் பொறுப்பாளரும் இரண்டுக்கும் பொது.

குழுவாகக் கலந்தாய்வதற்கான வினாக்கள்

சுய உதவிக் குழுவிலோ குடியிருப்போர் சங்கத்திலோ இக்கட்டுரையை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை காணலாம். ஒரு மணி நேரம் போதும்.

1. கடந்த முப்பது ஆண்டுகளில் நம் ஊரைத் தாக்கிய பேரிடர்கள் எவை? ஒவ்வொன்றிலும் முதலில் பாதிக்கப்பட்ட தெரு எது?

2. நள்ளிரவில் எச்சரிக்கை வந்தால், கைப்பேசி இல்லாத வீடுகளுக்கு யார் சொல்வார்? அவர் ஊரில் இல்லையெனில் யார்?

3. நாம் சென்று தங்கவேண்டிய கட்டடம் எது? அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

4. உங்கள் குடும்பத்தின் முக்கிய ஆவணங்களை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட முடியுமா? இன்றிரவு முயன்று பார்த்து, அடுத்த கூட்டத்தில் கூறவும்.

5. குழுவில் எத்தனை பேருக்கு மேலே கூறிய இரு காப்பீடுகளும் நடப்பில் உள்ளன? எத்தனை பேர் கணக்கில் நியமனதாரர் பதிவாகியுள்ளார்?

6. புயலுக்கோ வெள்ளத்துக்கோ பின், பயிர்ச் சேதத்தை 72 மணிக்குள் பதிவு செய்யும் பொறுப்பை ஏற்கும் இருவர் யார்?

மூன்றாம் வினாவுக்கு ‘தெரியவில்லை’ என்பதே பல ஊர்களில் முதல் விடையாக இருக்கும். அந்தச் சாவியைத் தேடிப் பிடிப்பதிலிருந்து தொடங்கலாம். ஐந்தாம் வினாவுக்கான விடையைத் தாளில் எழுதிக் கொண்டு, அடுத்த முறை கிளைக்கு வரும்போது குழுவாகவே வாருங்கள். கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்து, விடுபட்ட பெயர்களை அன்றே பதிவு செய்துவிடலாம்.